மூன்றரை ரூபாய்ச் சட்டம்

நூற்றுக்கு மூன்றரை ரூபாய்! கேட்பதற்கு அற்பத் தொகைதான். ஆனால் இதற்காக ஒரு சாம்ராஜ்யம் முப்பது வருஷம் பிடிவாதம் பிடித்தது என்றால், அதில் ஏதோ விசேஷம் இருக்கத்தானே வேண்டும்?

சீமைத் துணி நம் துறைமுகங்களில் இறங்கும்போது சர்க்கார் ஒரு சிறு தீர்வை வசூலித்து வந்தது. கஜானாவை நிரப்புவதற்காக ஏற்பட்ட தீர்வை அது. பம்பாயில் பஞ்சாலைகள் பெருகத் தொடங்கியதும், லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. 1877-ல் காமன்ஸ் சபை அதை நீக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1879-ல், தாது வருஷப் பஞ்சத்தின் புண் ஆறுமுன்பே, ஆப்கானிய யுத்தத்துக்குப் பணம் கரைந்துகொண்டிருந்தபோதே, லிட்டன் பிரபு முரட்டுத் துணிக்குத் தீர்வையை ரத்துச் செய்தார். அவருடைய நிர்வாகக் கவுன்ஸிலில் பெரும்பான்மையோர் ஆட்சேபித்தார்கள். அவர்களும் வெள்ளைக்காரர்களே! சட்டம் அளித்திருந்த விசேஷ அதிகாரத்தைக் கொண்டு ராஜப்பிரதிநிதி அவர்கள் பேச்சைத் தள்ளிவிட்டார். 1882-ல் எஞ்சிய துணித் தீர்வையும் போயிற்று.

பிறகு ரூபாயின் மதிப்புச் சரிந்தது, கஜானா வறண்டது. 1894 மார்ச் மாதத்தில் பெரும்பாலான இறக்குமதிச் சாமான்களுக்கு நூற்றுக்கு ஐந்து என்று தீர்வை விதித்தார்கள். பருத்தித் துணிக்கு மட்டும் விலக்கு! டிசம்பரில் அதையும் சேர்த்தார்கள். ஆனால் கூடவே, இந்திய ஆலைகளில் நூற்ற 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட சன்ன நூலுக்கும் ஐந்து விழுந்தது. லங்காஷயருக்கு இதுவும் போதவில்லை. 1896-ல் நூலுக்குத் தீர்வையை எடுத்துவிட்டு, சீமைத் துணிக்கு மூன்றரை, இந்திய ஆலைத் துணி அனைத்துக்கும் மூன்றரை என்று சட்டம் செய்தார்கள். ஆலைதோறும் மாதக் கணக்கு எழுதிச் சர்க்காருக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்தது.

"அவனுக்கும் மூன்றரை, இவனுக்கும் மூன்றரை, இதைவிடச் சமநீதி ஏது?" என்று தோன்றும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. லங்காஷயர் அனுப்பியது பெரும்பாலும் சன்னத் துணி. நம் ஆலைகள் நெய்தது பெரும்பாலும் முரட்டுத் துணி. இரண்டுக்கும் போட்டியே அதிகமில்லை. சன்னத் துணிக்குத் தீர்வை ஐந்திலிருந்து மூன்றரையாக இறங்கியது. ஏழைக் குடியானவன் இடுப்பில் கட்டிய முரட்டுத் துணிக்கோ, அதுவரை இல்லாத தீர்வை புதிதாக ஏறியது!

இதை வெறும் நிறத் துவேஷம் என்றும் சொல்லிவிட முடியாது. பெரம்பூரில் வெள்ளைக்காரக் கம்பெனி நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும் இந்தத் தீர்வைக்கு உட்பட்டவைதாம். லங்காஷயர்க்காரருக்குப் பார்லிமெண்டில் வோட்டு இருந்தது. முரட்டுத் துணி கட்டியவனுக்கு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

1917-ல் யுத்தச் செலவுக்காக இறக்குமதித் தீர்வை ஏழரையாக உயர்ந்தது. அப்போதும் உள்நாட்டு மூன்றரை ஒழியவில்லை. 1925-ல் வியாபாரம் மந்தமென்று பம்பாய் முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பதினொன்றரை குறைத்தார்கள்; தீர்வை நீங்கினால் பழைய கூலி தருவதாகவும் சொன்னார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆலைகள் மூடிக் கிடந்தன. டிசம்பரில் சர்க்கார் தீர்வையை நிறுத்தி வைத்தது. பழைய கூலியும் திரும்பியது. 1926-ல் தீர்வை அடியோடு நீங்கிற்று.

முப்பது வருஷ மகஜர்களுக்கு அசையாத சட்டம், அடுப்பு எரியாத வீடுகளுக்கு முன்னால் அசைந்தது.