முகவுரையில் கடவுளின் பெயர்

1949 அக்டோபர் 17 அன்று தில்லியில் அரசியல் நிர்ணய சபை முகவுரையை ஆராய்ந்தது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்பதற்கு முன்னே ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்த்தல் வேண்டுமென எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். பக்தி மிகுந்த நம் நாட்டில் அது எளிதில் நிறைவேறியிருக்கும் என்றே நாம் நினைப்போம். நடந்தது வேறு.

எதிர்த்தோர் எல்லாம் நாத்திகர் அல்லர். பட்டம் தாணுப் பிள்ளை தெய்வ நம்பிக்கை உடையவர். எனினும், நம்பிக்கையில் இது கட்டாயம் ஆகாதா என்று வினவினார். முகவுரை உறுதியளிக்கும் வழிபாட்டுச் சுதந்தரத்துக்கே இது முரண் என்றார் ஹிருதயநாத் குன்ஸ்ரு. அஸ்ஸாமின் ரோகிணி குமார் சௌதுரியோ, தேவியை விடுத்துக் கடவுளை மட்டும் அழைப்பதைச் சாக்தர்கள் ஏற்பதெங்ஙனம் என்று கேட்டார்! வேடிக்கையாகத் தோன்றினும் பொருளுள்ள வினாவே. அயல் மொழியினரிடையே வாழும் நாம் அதனை நன்கறிவோம். அடுத்த வீட்டுப் பூசையறையில் ஒலிக்கும் திருநாமம் பெரும்பாலும் நம் வீட்டில் ஒலிப்பதன்று.

திருத்தத்தைத் திரும்பப் பெறுமாறு சிலர் வேண்டினர். காமத் இசையவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. இருண்ட நாள் இது என்று அவர் மனம் நொந்தார்.

ஆயினும் அதே சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் கடவுளுக்கு இடமுண்டு. பதவியேற்கும் அமைச்சர் ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம். அன்றேல் உளமார உறுதி கூறலாம். எதனைக் கூறுவது என்பது அவர் விருப்பம்.