வேலிக்குள் அடங்காத ஊர்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், பீட்டர்பரோ நகருக்கு வடமேற்கே அமைந்த சிற்றூர் ஹெல்ப்ஸ்டன். ஊர் நடுவே பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவைத் தூண்; அருகே புனித போட்டால்ஃபின் பழந்தேவாலயம்; சற்றுத் தள்ளி, கூரை வேய்ந்த ஒரு வீடு. அவ்வீட்டில், கதிரடிக்கும் கூலியாள் ஒருவரின் மகனாக, 1793 ஜூலை 13ஆம் நாள் பிறந்தார் கவிஞர் ஜான் கிளேர்.

கிளேரின் இளமையில் ஊரைச் சூழ்ந்திருந்தவை வேலியற்ற வயல்களும் மேய்ச்சல் வெளிகளுமே. நிலமற்ற ஏழைக்கும் அவ்வெளியில் கால்வைக்க இடமிருந்தது. 1809இல் நாடாளுமன்றம் இயற்றிய வேலியடைப்புச் சட்டம் அவ்வாழ்வுக்கு முடிவு கட்டியது. நிலங்கள் அளந்து பங்கிடப்பட்டன, பழம்பாதைகள் மறிக்கப்பட்டன, மரங்கள் வீழ்ந்தன. வயிற்றுப்பாட்டுக்காக வேலிச்செடி நடும் கூலிவேலைக்குக் கிளேரும் சென்றார் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

நிலப் பங்கீட்டின் இறுதி ஆவணம் 1820இல் வெளியாயிற்று. கிளேரின் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஊரருகே கல்லெடுக்கும் குழியாக இருந்த ஸ்வார்டி வெல் என்னும் நிலத்தையே பேசவைத்து அவர் பின்னர் ஒரு புலம்பலும் பாடினார். பிற்காலத்தில் குப்பை கொட்டும் இடமாகவும் சீரழிந்த அந்நிலம் இன்று இயற்கைக் காப்பிடமாக விளங்குகிறது.

1832இல் கிளேர் மூன்று கல் தொலைவிலுள்ள நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தார். அச்சிறு தொலைவே அவருக்கு நாடுகடத்தலாயிற்று. 1837இல் எப்பிங் காட்டருகே மனநல விடுதியொன்றில் சேர்க்கப்பட்டவர், 1841இல் அங்கிருந்து வெளியேறி, வழியில் புல்லைத் தின்று பசியாறி, ஏறத்தாழ 80 கல் நடந்தே வீடு திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நார்தாம்ப்டன் மனநல விடுதி அவரை ஏற்றது. 1864இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். உடல் மட்டும் ஹெல்ப்ஸ்டனுக்கு வந்து, தேவாலய முற்றத்தில் அடங்கியது.

1869இல் ஊரில் அவருக்கு நினைவுத்தூண் எழுந்தது. 1989இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கவிஞர் மூலையில் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. பிறந்த வீட்டை 2005இல் அறக்கட்டளையொன்று வாங்கிக் காத்துவருகிறது. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளையொட்டிப் பள்ளிச் சிறார் கல்லறையைச் சுற்றிப் பூக்களைப் படைக்கின்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. வேலியடைத்த சட்டத்தைக் கிளேரின் பாட்டால் தடுக்க இயலவில்லை. எனினும், தம் ஊரின் புதரையும் பறவைக் கூட்டையும் பெயர் சொல்லிப் பாடிய அவராலேயே, வேலிக்கு முந்திய ஹெல்ப்ஸ்டனுக்குள் நாம் இன்றும் தடையின்றி நுழைய முடிகிறது.