1926 கடிதங்கள்: ரில்கே, ஸ்வெத்தாயெவா, பாஸ்டர்நாக்

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயும் ரஷ்யக் கவிஞர்கள் மரீனா ஸ்வெத்தாயெவா, போரிஸ் பாஸ்டர்நாக் இருவரும் 1926இல் எழுதிக்கொண்ட கடிதங்கள். ரில்கே வாழ்ந்த சுவிட்சர்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் அப்போது தூதரக உறவு கிடையாது. ஆகவே மாஸ்கோவிலிருந்த பாஸ்டர்நாக்குக்கான ரில்கேயின் சிறு குறிப்பு, பிரான்சிலிருந்த மரீனா வழியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாளை பாஸ்டர்நாக் சாகும்வரை பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

மரீனா ரில்கேயை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் மூவரில் கனல் அதிகம் அவர் எழுத்தில்தான். ஆகஸ்டோடு ரில்கேயின் பதில்கள் நின்றன. டிசம்பர் 29 அன்று ரத்தப் புற்றுநோயால் இறந்தார். 31ஆம் தேதி, இறந்தவருக்கே மரீனா ஒரு கடிதம் எழுதினார். அவர் பாஸ்டர்நாக்குக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரின்போது தொலைந்துபோயிற்று.