ஆளில்லாமல் ஓடிய ஷேவர்

நாயகி கண் விழிக்கிறாள். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் திடீரென மாயமானதாக வானொலி அலறுகிறது. கணவனைத் தேடிக் குளியலறைக்கு ஓடினால், அவனுடைய எலெக்ட்ரிக் ஷேவர் மட்டும் தொட்டியில் கிடந்து உறுமிக்கொண்டிருக்கிறது. தம்மை நம்பியவர்களை எடுத்துக்கொள்ளும் இயேசுவின் இரகசிய வருகை நடந்துவிட்டது; இவள் கைவிடப்பட்டாள். 1972-ல் வெளிவந்த 'எ தீஃப் இன் த நைட்' படம் இப்படித்தான் உலக முடிவைக் காட்டியது.

இப்படம் உருவானது ஹாலிவுட்டில் அல்ல. சோளக்காடுகள் நிறைந்த அயோவா மாநிலத்தில். தயாரிப்பாளர் ரஸ்ஸல் டௌட்டன், 1958-ல் வந்த 'தி பிளாப்' என்ற திகில் படத்தில் வேலை செய்தவர். பயத்தை எப்படிக் கட்டியெழுப்புவது என்ற பாடத்தை அங்கே கற்றிருப்பார். சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, இயக்குநர் டொனால்ட் தாம்சனோடு சேர்ந்து மார்க் ஃபோர் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். படத்தின் செலவு சுமார் 68,000 டாலர் என்பார்கள். அதே ஆண்டு வந்த 'காட்ஃபாதர்' படத்தின் செலவு 60 இலட்சம் டாலரைத் தாண்டியது.

வானம் பிளப்பதைக் காட்டப் பணமில்லை. ஆகவே ஷேவரைக் காட்டினார்கள். புல்வெளியில் தள்ள ஆளின்றி ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தைக் காட்டினார்கள். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைவிடச் சரியான காட்சி கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன். பார்ப்பவர் வீட்டிலும் ஒரு குளியலறை உண்டல்லவா?

இன்னொன்று: நாயகி நாத்திகி அல்ல. ஆலயத்துக்குப் போகிறவள், வேதத்தையும் புரட்டுகிறவள், அதுவே போதும் என்றிருந்தவள். படம் பேசியது வெளியாட்களிடம் அல்ல. சபையின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களிடம். அது ஓடியதும் அங்கேதான். 16 மி.மீ. பிரதிகள் சபை சபையாகப் போயின. ஆலயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்து, வாலிபர் கூட்டங்களில் போட்டுக் காட்டி, முடிந்ததும் மனந்திரும்ப அழைப்பார்கள். பள்ளி விட்டு வந்து வீட்டில் அம்மாவைக் காணாமல், வருகை நடந்துவிட்டதோ என்று நடுங்கிய அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பலர். குழந்தைகளுக்கு இவ்வளவு பயம் காட்டலாமா என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

1978, 1981, 1983 என மூன்று தொடர்ச்சிகள் வந்தன. வருகைக்குப் பின்னான உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் 666 முத்திரை, தலைவெட்டும் கில்லட்டின் என்று வளர்ந்து, கடைசிப் படமான 'தி பிராடிகல் பிளானட்' அணுப்போருக்குப் பிந்தைய பூமிக்கே போனது. முகம் சிதைந்தவர்களும் பாழடைந்த நிலமும் அதில் ஏராளம். ஆனாலும் அந்த நான்கில் நெஞ்சை உலுக்குவது முதல் படம்தான்.