வாயில் மருந்து தங்கிய வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் நோயை வென்ற மருந்துகளையே பெரிதும் பேசுவர். அம்மருந்துகள் நோயாளிக்கு விளைத்த துன்பங்களும், அவற்றைத் தணிக்க எழுந்த முயற்சிகளும் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் வாய்ப்புண்ணின் வரலாறு இத்தகையதே.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே சிட்னி ஃபாபர் என்னும் மருத்துவர், குருதிப்புற்றுநோய் கண்ட 16 சிறுவர்க்கு அமினொப்ரெரின் என்னும் மருந்தை வழங்கிப் பெற்ற பெறுபேறுகளை வெளியிட்டார். பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. புற்றுநோய்க்கான இரசாயனச் சிகிச்சையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகின்றது. ஆயின், மருந்தின் நச்சு விளைவுகளுள் வாய்ப்புண்ணும் அன்றே குறிக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. விரைந்து பிரியும் கலங்களைத் தாக்குவதே அம்மருந்தின் இயல்பு. வாயின் உட்படலமோ ஓயாது புதுப்பிக்கப்படும் கலங்களாலானது. எனவே புற்றுக்கலங்களோடு அதுவும் அழிந்தது. தலை, கழுத்துப் பகுதிகளுக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சும் இதனையே செய்கின்றது.

இது சிறு தொல்லையன்று. விழுங்க இயலாத நோயாளி மெலிகின்றார். புண்வழியே கிருமிகள் குருதியிற் புகுகின்றன. சிகிச்சையையே இடைநிறுத்த நேரிடுகின்றது. இவ்வாறு, உயிர்காக்கும் மருந்தின் பயனை ஒரு புண் தடுத்துவிடுகின்றது.

1943இல் சுவீடனில் லொஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் ஆகியோர் ஆக்கிய லிடோகெயின் வாயை மரக்கச் செய்து நோவைத் தணித்தது. ஆனால் வாயில் இட்ட எம்மருந்தையும் உமிழ்நீர் விரைவிற் கழுவிச் சென்றுவிடும். எனவே மருந்து எதுவென்பதோடு, அதனைப் புண்ணின்மேல் எவ்வாறு தங்கவைப்பது என்பதும் வினாவாயிற்று.

விடைக்கான கூறுகள் வேறு துறைகளிலிருந்தே வந்தன. 1960இல் பிராக் நகரின் ஒட்டோ விக்டர்லே, திராகொசுலாவ் லீம் என்போர் நீரை ஏற்று மென்மையாகும் பல்பகுதிய ஜெல் ஒன்றை அறிவித்தனர். அது கண்வில்லைக்கு வழிகோலிற்று. 1972இல் அமெரிக்கரான ஷ்மொல்கா, குளிரில் நீர்மமாகவும் உடற்சூட்டில் ஜெல்லாகவும் அமையும் பொருளைத் தீப்புண்ணுக்கென ஆராய்ந்தார். 1980களில் யப்பானியரான நாகாய், சாதாரண வாய்ப்புண்ணில் ஒட்டிநின்று மருந்தை மெல்ல விடுவிக்கும் வில்லைகளை ஆராய்ந்தார். இம்மூன்றும் புற்றுநோயாளருக்கெனத் தோன்றியவையல்ல. எனினும், புண்ணைப் போர்த்தி, உணவு உரசாது காத்து, மருந்தைப் படிப்படியாக வெளியிடும் ஜெல்களுக்கான அடிப்படை இவற்றில் அமைந்திருந்தது.

ஆயினும் ஜெல்லே முடிந்த முடிபு என்றல் மிகையாகும். அது பெரும்பாலும் நோவைத் தணிப்பது; புண் தோன்றாமற் காப்பதன்று. 1991இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபுளோரோயுராசில் ஏற்றும்போது வாயில் பனிக்கட்டித் துண்டுகளை அடக்கிவைத்தால் புண் குறைவதைக் காட்டியது. குளிரால் குருதிக்கலன்கள் சுருங்க, வாயை அடையும் நச்சு குறைகின்றது. எளிய பனிக்கட்டி இவ்வாறு பயன்படலாம் என்பது தெளிவாக, ஃபாபரின் கட்டுரைக்குப் பின்னர் நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றது. நோயாளியின் வலியைச் சிகிச்சைக்குரிய விலையென மருத்துவம் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டதும் இத்தாமதத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் நிலைத்த இலங்கையில், ஆண்களைப் பெரிதும் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. ஆகவே இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. நோயை வெல்லுதல் மருத்துவத்தின் ஒரு பாதி. வெல்லும்வரை நோயாளியை ஒரு பிடி சோறு உண்ணச் செய்தல் மறு பாதியாகும்.