வாய்க்குள் மிஞ்சிய வரலாறு

ஒருமுறை என் மாணவர்களிடம், "உங்கள் ஊரின் வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதி வாருங்கள்" என்றேன். உன்னிச்சை மாணவன் ஒருவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"எங்கட ஊருக்கு வரலாறு இல்ல சேர். குளந்தான் இருக்கு."

குளம் இருக்கும் ஊருக்கு வரலாறு இல்லாமற் போகுமா? ஏடுகளைப் புரட்டினேன். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', உலகநாச்சி என்னும் கலிங்க இளவரசிக்கு மண்முனை கிடைத்த கதையைக் கூறுகிறது. உன்னிச்சை அடங்கிய பிரதேசச் செயலகப் பிரிவுக்கு இன்றும் மண்முனை மேற்கு என்றே பெயர். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. நூல்கள் வழிகாட்டின. ஆனால், வயலில் இறங்கி உழைத்தவனின் குரலைக் கேட்க நூல் மட்டும் போதவில்லை.

ஒரு விடுமுறை நாளில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மாணவனோடு உன்னிச்சைக்குப் போனேன். வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கத்தில் கிடப்பதால் இந்நிலத்தைப் படுவான்கரை என்கிறோம்.

அவனுடைய அம்மப்பா கூத்து அண்ணாவியார் என்பது அங்கே போனபின்தான் எனக்குத் தெரிந்தது. 2007இல் படுவான்கரைச் சனங்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது அவருடைய கூத்துக் கொப்பி வீட்டோடு நின்றுவிட்டது.

"திரும்பி வந்து பார்த்தா, கொப்பியைக் கறையான் திண்டுட்டு, வாத்தியார். வாய்க்குள்ள கொஞ்சம் மிச்சம் கிடக்கு. எழுதுங்க."

முழங்காலில் தாளம் தட்டிப் பாடத் தொடங்கினார். கூத்துப் பாட்டோடு ஏர்ப்பாட்டும், சூடு மிதிக்கையில் பாடும் பொலிப்பாட்டும் வந்தன. ஓரிடத்தில் அடி மறந்து நின்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். பேரன் எழுதிக்கொண்டிருந்தான்.

பாட்டை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா எனக் கேட்பீர்கள். கூடாதுதான். பாடுவோர் பெயரை மாற்றுவர், அடியைக் கூட்டுவர். ஏடெழுதியோரும் அப்படித்தான். ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப் பார்ப்பதே ஆராய்ச்சி.

தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' தொகுத்திராவிட்டால் எத்தனை பாடல்கள் அழிந்திருக்கும்! 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேற்றினார். அங்கே ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். வட்டக்களரியில் ஆடிய ஆட்டம் ஆய்வுப்பொருளான கதை இது.

நான்கு பக்கம் கேட்டேன். பையன் பதினொரு பக்கம் கொண்டுவந்தான். அதில் பாதி, அம்மம்மா சொன்னது.

மட்டக்களப்பு நகரத்தின் குழாய்களுக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்துதான் நீர் வருகிறது. அந்தக் குளத்தடியில் பாடிய வாய்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு அவர் அருகில் போய் உட்காருங்கள்.