கடாரமும் கணிச்சில்லும்

திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த செப்பேடுகள், முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து கடாரம் வென்றதைக் கூறுகின்றன. சோழநாட்டார் சீனத்தோடு செய்த வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் இட்ட தடையே அப்படையெடுப்புக்குக் காரணம் என வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். வழியை அடைப்பவரே வணிகத்தை ஆள்வர் என்பது அன்றைய பாடம்.

பின்னாளில் அத்தகைய அடைப்புக்கு நாமே ஆளானோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கேட்ட க்ரே மீக்கணினியைத் தர 1980களில் அமெரிக்கா மறுத்தது. 1988-இல் சி-டாக் உருவாயிற்று; 1991-இல் பரம் 8000 வந்தது. நாம் பெருமையோடு சொல்லும் இக்கதையில் ஒன்றை மறந்துவிடுகிறோம். பரமுக்குள் இயங்கிய டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டவை.

2022 அக்டோபரில், செயற்கை நுண்ணறிவுக்கான உயர்திறன் சில்லுகள் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. 2025 ஜனவரியில் அறிவித்த விதியில் இந்தியாவுக்கும் உச்சவரம்பு வைத்தது. நடைமுறைக்கு வருமுன்பே, மே மாதத்தில் அதைக் கைவிட்டது. அந்த நான்கு மாதங்களில், தரவு மையம் அமைக்க நினைத்த ஒரு நிறுவனம் எந்தக் கணக்கை நம்பி முதலிட்டிருக்கும்? தடையைவிட நிச்சயமின்மையே வணிகரை அதிகம் வருத்துவது.

கடாரம் சென்ற சோழனுக்குக் கலங்கள் இருந்தன. நமக்கோ, அத்தகைய சில்லுகள் இன்றும் கடல் கடந்தே வரவேண்டியிருக்கிறது.